பிரிட்ஜ் பம்புக்கு நான் பண்ண சர்வீஸ்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மச்சானோட போட்டுல தண்ணி எறைக்கிற மோட்டாருக்கு ஒரு மூடி இருக்கு. அதக் கழட்டி, கழுவி, திரும்ப மாட்டணும்.

அம்புட்டுத்தான். பல்லு வெளக்குறதுக்கு அடுத்தபடியா ஈசியான வேலை.

திண்டுக்கல்லுல ஏதுய்யா போட்டுன்னு கேப்பீங்க. எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. என் பொண்டாட்டி ஸ்டெல்லாவோட அண்ணன் அந்தோணி, ரெட்டியார்சத்திரம் பக்கத்துல ஒரு குளத்த மீன் வளக்கக் குத்தகைக்கு எடுத்திருந்தாரு. செல்போன்ல பேசுனா ஊரே திரும்பிப் பாத்த காலம் அது. அந்த வருசம் நல்ல மழை வேற. குளம் நெறஞ்சதும் மச்சானுக்கு மனசும் நெறஞ்சிருச்சு. மத்தவன்லாம் பரிசல்ல போயி மீனுக்குத் தவிடு போடுவான். இவரு கடக்கர ஊர்ல யாரோ கழிச்சுப்போட்ட பைபர் போட்ட வாங்கி, லாரியில ஏத்திக் கொண்டாந்துட்டாரு.

பழைய போட்டு. அடியில லேசாக் கசியும். கசியுற தண்ணிய வெளிய தள்ள, பின்பக்கம் பள்ளத்துல கை முட்டி சைசுல ஒரு குட்டி மோட்டாரு. பேட்டரில ஓடும். வித்தவன் அதுக்கு பில்ஜ் பம்புன்னு பேரு சொல்லிருக்கான். மச்சான் காதுல அது பிரிட்ஜ் பம்புன்னு விழுந்திருச்சு. அந்தோணி போட்டுக்குள்ள பிரிட்ஜ் இருக்காம்லன்னு ஊரெல்லாம் பேச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரரு ஒருத்தரு சொம்பத் தூக்கிக்கிட்டு வந்து, ஐஸ் வாட்டர் கெடைக்குமான்னு கேட்டுட்டுப் போனாரு.

அந்த ஞாயித்துக்கெழம மச்சான் மக ரோஸ்லினப் பொண்ணு பாக்கத் தூத்துக்குடியில இருந்து வாராங்க. மாப்பிள்ள வின்சென்ட்டுக்குத் துறைமுகத்துல வேலை. அவங்க அப்பா மிக்கேல் அண்ணாச்சி பொறந்ததுல இருந்து கடல்ல போட்டு ஓட்டுறவரு. ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போனதுல மச்சான் ரொம்ப ஒடிஞ்சு போயிருந்தாரு. இதாவது அமையணும்னு வீடே ஜெபம் பண்ணிக்கிட்டிருந்துச்சு.

வாரவுகளக் குஷிப்படுத்த மச்சான் ஒரு யோசனை கண்டுபுடிச்சாரு. சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்ததும், அவங்களக் குளத்துல போட்டுல வச்சு ஒரு சுத்து கூட்டிட்டுப் போறது.

கடல்ல போட்டு ஓட்டுறவர, குளத்துல போட்டுல ஏத்திக் காட்டுறதாம். அல்வாக் கடைக்காரனுக்குச் சீனி மிட்டாய் வாங்கிட்டுப் போற மாதிரி. நான் வாயத் தொறக்கல. வீட்டு மாப்பிள்ளைக்கு அது அழகில்லையே.

"மாப்ள, பம்பு மூடியில அழுக்கு அடச்சுக் கெடக்கு. நீங்கதான் மோட்டார் ஆளு. செத்த நேரம் போயிக் கழுவி விட்ருங்க"ன்னு சொல்லிட்டு மச்சான் கறி வாங்கக் கெளம்பிட்டாரு.

மோட்டார் ஆளு நாந்தான். டவுன்ல ஒரு கடையில மிக்சி, கிரைண்டர் விக்கிறேன். மோட்டாரப் பத்தி நான் பேசுனா எப்பேர்ப்பட்டவனும் நம்பிருவான். மோட்டாருதான் நம்பாது.

ஸ்க்ரூ டிரைவரு, பழைய டூத் பிரஷ்ஷு, ஒரு பாக்கெட் சோப்புத் தூளு, எல்லாத்தையும் மொபெட்ல போட்டுக்கிட்டுக் குளத்துக்குப் போனேன். அங்க கருப்பையான்னு காவக்காரரு. அவருதான் துடுப்புப் போடுவாரு. போட்டு வர்றதுக்கு முன்னாடி பரிசல்ல கசியுற தண்ணிய ஒரு வாளியில மோந்து ஊத்தித்தான் அவருக்குப் பழக்கம். பம்பு வந்ததுல இருந்து அவருக்கு அது மேல மாமியா மருமக மாதிரி ஒரு பகை.

"வாளிய வாங்கி வச்சா அது பாட்டுக்குக் கெடக்கும் அப்பு. கழுவு, தொடைன்னு கேக்காது"ன்னாரு.

நான் சிரிச்சுக்கிட்டேன். விஞ்ஞானம் தெரியாத மனுசன்.

மூடியக் கழட்டுனேன். சல்லட மாதிரி ஓட்ட ஓட்டையா இருக்கு, ஆனா ஒரு ஓட்டையும் தெரியல. தவிடு, பாசி, மீன் செதிலு எல்லாம் அப்பிக் கருவாட்டுக் கொழம்பு கெட்டுப்போன நாத்தம். உள்ள இருந்து ஒரு தவளை எட்டிக் குதிச்சு என் சட்டப் பைக்குள்ள எறங்கிருச்சு. நான் போட்ட ஆட்டத்துல போட்டு ஆடுச்சு. கருப்பையா மட்டும் ஆடாம அசையாம வேடிக்க பாத்தாரு.

தவளைய அனுப்பிச்சிட்டு வேலைல எறங்குனேன். கொஞ்சம் சோப்பப் போட்டா அழுக்குப் போகல. இன்னும் கொஞ்சம் போட்டேன். அப்புறம் அடியில இருக்குற பள்ளமும் நாறுதேன்னு, மிச்சப் பாக்கெட்ட அப்படியே அதுக்குள்ள கொட்டித் தேச்சேன். மூடி பளிச்சுன்னு வந்திருச்சு. அதுல இட்லி அவிக்கலாம்.

மாட்டிட்டு ஸ்விட்ச்சப் போட்டேன். ஜம்முனு ஓடுச்சு. ஆனா ஒரு கொற. தண்ணி வெளிய போற ரப்பர் குழாயோட வாய மச்சான் போட்டு விளிம்புல ஒசரமாக் கட்டி வச்சிருந்தாரு. அங்கன இருந்து தண்ணி பீச்சி என் பேண்ட்டு மேலயே அடிச்சுது. சரியா அந்த எடத்துலதான் மாப்பிள்ளையோட அம்மா உக்காரணும். பட்டுச் சேல நனஞ்சா சம்பந்தம் என்னாகுறது?

கட்ட அவுத்தேன். குழாய் வாயக் குளத்துத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டேன். இப்ப ஒரு சொட்டு தெறிக்கல. சத்தமும் இல்ல.

ஒசரத்துலதான இருந்துச்சு, அத ஏன் எறக்குறீகன்னு கருப்பையா கேட்டாரு. தண்ணி எப்பவும் பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும், அதுதான் விஞ்ஞானம்னு அவருக்கு விளக்குனேன். குளத்துத் தண்ணிய விடப் போட்டோட அடிதான் பள்ளம்னு அந்த விஞ்ஞானிக்குத் தோணல.

கொஞ்சம் தண்ணி மிச்சமிருக்கும்போதே, பேட்டரி எறங்கிருமேன்னு மோட்டார நிப்பாட்டிட்டேன். அடியில பலகையப் பரப்பி, அதுக்கு மேல ஜமுக்காளம் விரிச்சேன். பாத்தா கல்யாண மண்டபம் மாதிரி இருந்துச்சு. கடைசியா ஒரே ஒரு அசிங்கம் கண்ணுல பட்டுச்சு. கருப்பையாவோட வாளி. விருந்தாளிக வார எடத்துல இது எதுக்குன்னு அதத் தூக்கிக் கரையில வச்சிட்டேன்.

பூசை முடிஞ்சு எல்லாரும் வந்தாங்க. மிக்கேல் அண்ணாச்சி வெள்ள வேட்டி சட்டையில சாதுவா இருந்தாரு. அவரு வீட்டம்மா சூசையம்மா, நீலப் பட்டுல, முகத்துல ஒரு சிரிப்பு இல்லாம வந்தாங்க. அந்தம்மா சரின்னாதான் சம்பந்தம்னு பாத்தவொடனே புரிஞ்சுது.

அண்ணாச்சி போட்ட ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு. தண்ணி எறைக்கப் பம்பு இருக்கான்னு கேட்டாரு. மச்சான் நெஞ்ச நிமித்திக்கிட்டு, எங்க மாப்ளதான் காலையில சர்வீஸ் பண்ணாருன்னு என்னய முன்னால தள்ளிவிட்டாரு. நான் அடக்கமாத் தலைய ஆட்டுனேன். அடக்கமா இருந்தது அன்னிக்கு அந்த ஒரு நிமிசந்தான்.

அண்ணாச்சி, சூசையம்மா, மச்சான், நான், துடுப்போட கருப்பையா. அஞ்சு பேரு ஏறுனோம். கொறிக்கிறதுக்கு ஒரு தூக்குச்சட்டி நெறைய முறுக்கு. பொண்ணும் மாப்பிள்ளையும் கரையில வேப்பமரத்து அடியில. அவங்க பக்கத்துலயே உக்காந்து, ரொம்பப் பேசிறாமப் பாத்துக்கிற பொறுப்பு ஸ்டெல்லாவுக்கு.

குளத்துக்கு நடுவுல போயிக்கிட்டிருக்கோம். மச்சான் சிறுமலையக் காட்டி, அங்க வெளையிற வாழப்பழத்தோட பெருமையச் சொல்லிக்கிட்டு வாராரு. சூசையம்மா காலத் தூக்கித் தூக்கி வைக்கிறாங்க.

"காலு சில்லுன்னு இருக்கே"ன்னாங்க.

குளத்துக் காத்து அப்படித்தான், ஏசி மாதிரின்னு மச்சான் சொன்னாரு. நானும் ஆமான்னேன். குனிஞ்சு பாத்தா ஜமுக்காளம் மெதக்குது.

மோட்டார் நிப்பாட்டுனதுல இருந்து, குழாய் வழியாக் குளம் சத்தமில்லாமப் போட்டுக்குள்ள வந்துக்கிட்டே இருந்திருக்கு. எனக்கு அப்ப அது தெரியாது. அதனால தைரியமா இருந்தேன். இதுக்குத்தான பம்பு இருக்குன்னு ஸ்விட்ச்சப் போட்டேன்.

மோட்டாரு உறுமுச்சு. தண்ணி போகல. நொரை வந்துச்சு.

காலையில கொட்டுன சோப்புத் தூளு கரையாம அடியில கெடந்துச்சுல்ல, இப்ப நல்லா ஊறிருச்சு. மோட்டாரு அதக் கடைய ஆரம்பிச்சிருச்சு. பலக சந்துல இருந்து வெள்ள வெளேர்னு நொரை பொங்கி, சூசையம்மா கணுக்கால மூடி, நீலப் பட்டுல ஏறுது. அந்தம்மா என்னய மட்டும் பாத்தாங்க.

"வாளிய எடு"ன்னு மச்சான் கத்துனாரு.

கருப்பையா துடுப்ப நிப்பாட்டிட்டுக் கரையக் காட்டுனாரு. "அந்தா இருக்கு. மாப்பிள்ள அப்பு அசிங்கமா இருக்குன்னு எறக்கி வச்சிருக்காரு."

மச்சான் தூக்குச்சட்டிய எடுத்து முறுக்கக் குளத்துல கொட்டிட்டுத் தண்ணிய மோந்து ஊத்துனாரு. மீனெல்லாம் கூடிருச்சு. சாவுற நேரத்துல சுத்தி இம்புட்டுக் கூட்டமான்னு நெனச்சுக்கிட்டேன். மிக்கேல் அண்ணாச்சி மட்டும் நிதானமாத் திரும்பி, விளிம்ப எட்டிப் பாத்து, தண்ணிக்குள்ள தொங்குன குழாய வெளிய இழுத்தாரு.

"இத யாருல தண்ணிக்குள்ள போட்டது?"

மச்சான் என்னயப் பாத்தாரு. கருப்பையா என்னயப் பாத்தாரு. நான் சிறுமலையப் பாத்தேன்.

அதுக்குள்ள விளிம்பு தண்ணிக்குச் சமமா வந்திருச்சு. போட்டு ஒரு பெருமூச்சு விட்டுட்டு மெதுவா எறங்குச்சு. எனக்கு நீச்சல் தெரியாது. அம்மா, மாதாவேன்னு கத்திக்கிட்டுக் கைய கால அடிக்கிறேன். மூக்குல தண்ணி, வாயில சோப்பு. முடிஞ்சுது கதைன்னு இருக்கும்போது கருப்பையா கொரலு கேட்டுச்சு.

"அப்பு, எந்திரிச்சு நில்லுங்க."

நின்னேன். இடுப்பளவுதான் தண்ணி. மத்த நாலு பேரும் எனக்கு முன்னாடியே நின்னு என்னய வேடிக்க பாத்துக்கிட்டிருந்தாங்க.

மிக்கேல் அண்ணாச்சி வேட்டியப் புழிஞ்சாரு. "எத்தன புயலப் பாத்திருக்கேன். கடல் என்னய ஒரு நாளும் முக்குனதில்ல. திண்டுக்கல்லுக்கு வந்து முங்கிட்டேனே"ன்னாரு.

கரைக்கு நடந்தோம். சேத்துல காலு புதைய, சோப்பு நொரையோட. மச்சான் மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. மூணாவது சம்பந்தமும் போச்சு, அதையும் நானே முக்கிட்டேன். ரோஸ்லின் மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு நெனைக்க நெனைக்கத் தண்ணிக்குள்ளயே உக்காந்திரலாம்னு இருந்துச்சு.

கரையில பாத்தா ஸ்டெல்லா தண்ணி ஓரத்துல நின்னு கத்திக்கிட்டிருக்கா. காவலுக்கு வச்ச ஆளு போட்டு முங்குனதும் எடத்த விட்டுட்டு ஓடியாந்துட்டா. பொண்ணையும் மாப்பிள்ளையையும் பாக்க ஒரு ஆளு இல்ல. அதுக ரெண்டும் வேப்பமரத்து அடியில ஒண்ணா நின்னு, வயித்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வரச் சிரிக்கிதுக.

சூசையம்மா நேரா மகன்கிட்ட போனாங்க. புடவையில இருந்து தண்ணி சொட்டுது.

"என்னல சிரிப்பு?"

அவன் சிரிப்ப அடக்க முடியாம, "ம்மா, எனக்குச் சம்மதம்"னான். ரோஸ்லின் தலையக் குனிஞ்சுக்கிட்டா. தோளு மட்டும் குலுங்குது.

அந்தம்மா ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் தன் நொரை படிஞ்ச காலப் பாத்தாங்க. பாத்துட்டு அவங்களும் சிரிச்சாங்க பாருங்க, அப்பத்தான் மச்சானுக்கு மூச்சு வந்துச்சு.

மாப்பிள்ள வீட்டுக்காரங்க பொண்ணு பாத்துட்டு ஒரு காப்பியோட கெளம்பிருவாங்கன்னுதான் இருந்துச்சு. ஈரத் துணியோட எங்கிட்டுக் கெளம்புறது? ஸ்டெல்லாவோட நூல் சேலையில சூசையம்மாவும், மச்சானோட கைலியில அண்ணாச்சியும் உக்காந்து, கறிச்சோறு சாப்ட்டு, கொடியில துணி காயுறதுக்குள்ள கல்யாணத் தேதியையே பேசி முடிச்சிட்டாங்க. எல்லாம் தன்னோட போட்டு ராசின்னு மச்சான் இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. என் பேரு மட்டும் அந்த ராசியில எங்கயும் வராது.

கல்யாணம் தூத்துக்குடியில. மறுநா சாயங்காலம் மிக்கேல் அண்ணாச்சி எங்க சொந்தக்காரங்க எல்லாரையும் தன் போட்டுல ஏத்திக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நானும் பேண்ட்ட மடிச்சுவிட்டுக்கிட்டு வரிசையில நின்னேன். என் மொறை வந்ததும் அண்ணாச்சி அன்பாத் தோள்ல கைய வச்சாரு.

"தம்பி, நீங்க கரையிலயே இருங்க. எல்லாரோட செருப்பையும் பாத்துக்கிடுங்க."

பாத்துக்கிட்டேன். ஒரு செருப்பு கூட முங்கல.