கண்ணை மூடிப் புதைத்த மோதிரம்

மோதிரம் புல்வெளியில்தான் இருந்தது. அதில் டெஸ்மண்டுக்குச் சந்தேகமே இல்லை, புதைத்தவரே அவர்தான். எந்த இடத்தில் புதைத்தார் என்பதுதான் தெரியவில்லை.

கையில் புத்தம் புதிய பச்சை நிற மெட்டல் டிடெக்டர். காதில் ஹெட்போன். புதன்கிழமை காலை பத்து மணி. க்ரோமர் என்ற ஊரில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கும் மனைவி மோரீன் சனிக்கிழமை திரும்பி வருகிறாள். மோதிரம் மோரீனுடைய கல்யாண மோதிரம்.

நாற்பது வருடம் பஸ் ஓட்டிவிட்டு ஜனவரியில்தான் டெஸ்மண்ட் ஓய்வு பெற்றார். தேனீ வளர்க்கிறேன் என்று ஆரம்பித்தபோது, "இந்த வீட்டுல ஒண்ணு நீ, இல்ல தேனீ" என்று ஒரே வார்த்தையில் முடித்தவள் மோரீன். அப்பேர்ப்பட்டவள் மெட்டல் டிடெக்டர் கடை விளம்பரத்தைத் தானே கத்தரித்து அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நல்ல பொழுதுபோக்கு, டெஸ். போய் ஒண்ணு வாங்கு. முதல்ல நம்ம தோட்டத்துலயே பழகு. மூலை முடுக்கு விடாம பாரு. என் ருபார்ப்பை மட்டும் தொட்டே, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்."

இனிப்புப் பண்டம் செய்ய ஆகும் புளிப்புத் தண்டுச் செடியான அந்த ருபார்ப் மூன்று வருடமாகக் கிராமத்துக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்குகிறது. ஒவ்வொரு தண்டும் டெஸ்மண்டின் மணிக்கட்டு கனம். அதைத் தொடும் அளவுக்கு அவருக்குத் துணிச்சல் கிடையாது.

மெஷின் தேர்ந்தெடுக்கவே மூன்று வாரம் ஆனது. ஏழு கம்பெனிகளின் கையேடுகளைப் படித்து, கட்டம் போட்டு, மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்த்தார். ஏழும் ஒரே மதிப்பெண் வாங்கின. கடைசியில் கடைக்காரப் பெண்மணி பெவர்லிதான் வழி சொன்னாள்.

"ஐயா, கையேட்டைத் தூக்கிப் போடுங்க. இதை எடுத்துட்டுப் போய் வீட்டுல சோதனை பண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச சாமானை நீங்களே புதைச்சு நீங்களே தேடணும். பழைய பென்னிக் காசு ஒண்ணு, ஸ்பூன் ஒண்ணு, தங்க மோதிரம் ஒண்ணு. இரும்புன்னா உறுமும், தங்கம்னா பாடும். பிடிக்கலைன்னா ஏழு நாளுக்குள்ள மாத்திக்கலாம்."

பென்னிக்கும் ஸ்பூனுக்கும் அடையாளமாகத் துணி மாட்டும் கிளிப்புகளைச் செருகினார். இரண்டையும் மெஷின் உடனே கண்டுபிடித்துவிட்டது. பிறகுதான் மனசாட்சி உறுத்தியது. இருக்கிற இடம் தெரிந்துகொண்டு தேடினால் அது என்ன சோதனை? சீட்டாட்டத்தில் எதிராளியின் கையை எட்டிப் பார்ப்பதுபோல் அல்லவா? வாழ்நாளில் ஒரு பயணியிடம்கூடச் சில்லறை தவறாகக் கொடுக்காத மனிதர் அவர்.

அவருடைய சொந்த மோதிரம் விரலோடு ஒட்டிப்போய்ப் பதினைந்து வருடமாகிறது. சோப்பு போட்டும் அசையவில்லை. சமையலறைச் சாசரில் மோரீனின் மோதிரம் இருந்தது. தங்கை வீட்டில் சுவர்க்காகிதம் ஒட்டப் போகிறேன், பசை படும் என்று கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போய், கண்ணை இறுக மூடி, மூன்று சுற்றுச் சுற்றி, தட்டுத் தடுமாறி நடந்து, மண்டியிட்டு, கண்ணைத் திறக்காமலே புதைத்துவிட்டு, மறுபடி மூன்று சுற்றுச் சுற்றி எழுந்து வந்தார்.

நியாயமான சோதனை என்றால் அதுதான். இப்போது புதைத்து ஒன்றரை மணி நேரமாகிறது.

அந்தப் புல்வெளி முன்பு கோழிக்கொட்டகை இருந்த இடம். மண்ணுக்குள் எத்தனை ஆணி இருந்ததோ, மெஷின் அடிக்கு அடி உறுமிக்கொண்டே வந்தது. ஒரு இடத்திலும் பாடவில்லை. அலுத்துப்போய்ப் புல்வெளி ஓரத்துச் செங்கல் வரம்பைத் தாண்டி அந்தப் பக்கம் போனபோது, ருபார்ப் பாத்தியின் ஓரத்தில், அது தேவாலயத்துப் பிள்ளைகள் மாதிரி கணீரென்று பாடியது.

டெஸ்மண்டுக்குக் கோபம் வந்தது. கண் மூடியிருந்தாலும் கால் மூடியிருக்கவில்லையே! வரம்பைத் தாண்டியிருந்தால் தடுக்கி விழுந்திருப்பார். மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

"இது பொய் சொல்லுது, பெவர்லி. புதைச்ச இடத்துல வாயைத் திறக்கல. புதைக்காத இடத்துல பாடுது."

"அது பீர் டப்பாவைத் திறக்க இழுக்கிற வளையமா இருக்கும், ஐயா. அதுவும் தங்கமும் ஒரே குரல்லதான் பாடும். இந்த மஞ்சள் மெஷினை எடுத்துட்டுப் போங்க. இன்னும் ஆழமா பார்க்கும்."

மஞ்சள் இன்னும் ஆழமாகவே பார்த்தது. அதனால் இன்னும் நிறைய ஆணிகளைப் பார்த்து உறுமியது. ருபார்ப் பக்கம் இன்னும் சத்தமாகப் பாடியது. பொறுமையிழந்த டெஸ்மண்ட் மண்வெட்டியை எடுத்துக் கண்ட இடத்தில் தோண்டினார். புதன் மாலைக்குள் புல்வெளியில் முப்பத்தெட்டுக் குழிகள். அவர்களுக்குக் கல்யாணம் ஆகியும் முப்பத்தெட்டு வருடம். எண்ணிப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கோடை முழுவதும் இரட்டை ஷிப்ட் பஸ் ஓட்டி வாங்கிய மோதிரம் அது. பாவம், அவள் அதை வாராவாரம் துணியால் துடைத்துத் துடைத்து இன்றைக்கும் புதுசாகவே வைத்திருக்கிறாள்.

வேலிக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ராட்னி. இருபத்தைந்து வருடமாக டிடெக்டரும் கையுமாக அலைபவர். ஊர் டிடெக்டர் சங்கத்துக்குச் செயலாளர்.

"என்னப்பா டெஸ்மண்ட், உருளைக்கிழங்கு போடப் போறியா?"

டெஸ்மண்டால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டா?" என்றார் ராட்னி.

"நியாயமா இருக்கணுமேன்னு..."

"அது சரி." ராட்னி மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். "கவலைப்படாதே. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அவர் மூச்சு விடவில்லை. சங்கத்தின் பதினான்கு உறுப்பினர்களுக்கும் கடிதம் மட்டும் அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை பதினான்கு பேரும் மெஷின், பிளாஸ்க், மடக்கு நாற்காலி, முட்டை சாண்ட்விச் சகிதம் வாசலில் நின்றார்கள்.

பதினான்கு மெஷின்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் ஒன்றைப் பார்த்து ஒன்று கத்தின. ஒவ்வொருவராகச் செங்கல் வரம்பைத் தாண்டினார்கள். ஒவ்வொரு மெஷினும் ருபார்ப் ஓரத்தில் பாடியது. டெஸ்மண்ட் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்க் கையை விரித்துக் குறுக்கே நின்றார்.

"பீர் டப்பா! அது பீர் டப்பா வளையம்! மோரீனோட ருபார்ப், தொடாதீங்க!"

"உறுமற இடத்தையும் தோண்டிப் பார்க்கலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"தங்கம் ஏன்யா உறுமும்?" என்றார் ராட்னி எரிச்சலாக.

பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் ஒரு குழியிலிருந்து சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பச்சை வட்டத்தை எடுத்துத் துடைத்தார். அதில் மூக்கு மட்டும் மிஞ்சியிருந்த ஒரு ரோமானிய மன்னர் தெரிந்தார்.

"யாரும் அசையாதீங்க!" என்று ராட்னி கூவினார்.

அத்தனை பேரும் தூக்கிய காலோடு நின்றார்கள்.

"இது இனிமே புல்வெளி இல்ல, டெஸ்மண்ட். வரலாற்று இடம். மாவட்டத் தொல்பொருள் அதிகாரி அம்மா வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு கரண்டி மண்ணு எடுக்கக் கூடாது."

"அவங்க எப்ப வருவாங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"மோரீன் நாளைக்கு வர்றா, ராட்னி!"

"ரோமாபுரி ஆயிரத்தெழுநூறு வருஷம் காத்திருந்துச்சு. மோரீன் மூணு நாள் காத்திருக்க மாட்டாளா?"

மோரீனைப் பற்றி ராட்னிக்கு அவ்வளவுதான் தெரியும். சட்டம் இவ்வளவெல்லாம் கேட்பதில்லை, ராட்னி கேட்பார். சிவப்பு வெள்ளை நாடாவைப் புல்வெளியைச் சுற்றிக் கட்டினார்கள். ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்தார்கள்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

"சுவர்க்காகிதம் ஒரு நாள் முன்னாடியே முடிஞ்சுது, டெஸ்!" என்று சொல்லிக்கொண்டே மோரீன் தோட்டத்துப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். பின்னால் அவளைக் கொண்டுவந்து விட்ட தங்கை ஜேனிஸ்.

மோரீன் குழிகளைப் பார்த்தாள். நாடாவைப் பார்த்தாள். சாண்ட்விச்சை வாயில் வைத்தபடியே எழுந்து நின்ற பதினான்கு பேரைப் பார்த்தாள்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

"இனிமேதான்" என்றார் ராட்னி மெதுவாக.

டெஸ்மண்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். சமாளிக்கப் பொய் ஒன்று தயாராக வைத்திருந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"மோரீன், உன் கல்யாண மோதிரத்தை நான் தொலைச்சுட்டேன். மெஷினைச் சோதிக்கப் புதைச்சேன். கண்ணை மூடிக்கிட்டு. ரெண்டு ராத்திரியா தூங்கல. நீ ஒரு நாள்கூட அதைப் பத்திரமில்லாம வெச்சதில்ல. நான்தான் படுபாவி. என்ன வேணா சொல்லு."

மோரீனின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு மறுபடி சிவந்தது. சங்கத்து உறுப்பினர்கள் மரியாதை கருதி ரோமானியக் காசையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போகட்டும் விடு, டெஸ்" என்றாள் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

திட்டியிருந்தால் டெஸ்மண்ட் தாங்கியிருப்பார். மோரீன் 'போகட்டும்' என்று சொல்லி அவர் இதுவரை கேட்டதே இல்லை.

"எப்படிப் போகட்டும்? முப்பத்தெட்டு வருஷம், மோரீன்! இந்தத் தோட்டம் முழுக்கக் கையாலயே சலிச்சு எடுத்துக் கொடுக்கிறேன். நாடாவாவது, ரோமாபுரியாவது!"

"வேண்டாம்னு சொல்றேன்ல."

இதற்குள் ஜேனிஸ், சும்மா நிற்கப் பிடிக்காமல், சாத்தி வைத்திருந்த மஞ்சள் மெஷினை எடுத்து ஆட்டிப் பார்த்தபடி வரம்பைத் தாண்டிப் போயிருந்தாள். ருபார்ப் ஓரத்தில் அது கணீரென்று பாடியது.

"அட, இங்கே என்னமோ இருக்கு!"

"அது ஒண்ணுமில்ல, ஜேனிஸ்" என்றார் டெஸ்மண்ட் அலுப்போடு. "பீர் டப்பா வளையம். மூணு நாளா அதேதான் பாடுது. கடையில வாங்கின பச்சை, இந்த மஞ்சள், இவங்களோட பதினாலு, எல்லா மெஷினும் அங்கே போனா ஒரே பாட்டுதான். தொலைஞ்ச தங்கத்தை விட்டுட்டு."

"எந்தத் தங்கம்?" என்றாள் ஜேனிஸ்.

"ஜேனிஸ், உள்ளே போய் தண்ணியைக் கொதிக்க வை" என்றாள் மோரீன் அவசரமாக.

"இரு அக்கா, இந்த மனுஷன் பாவம், அழுதுடுவான் போலிருக்கு" என்றாள் ஜேனிஸ். "டெஸ், நீ புதைச்சது சந்தையில மூணு பவுண்டுக்கு வாங்கின இரும்பு வளையம், முலாம் போகப் போக ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை நான்தான் புதுசு வாங்கிக் கொடுக்கறேன், அசல் மோதிரம் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ருபார்ப்பை நட்ட அன்னைக்கே இவ கையை விட்டு எங்கேயோ விழுந்துடுச்சு, அதைத் தேடத்தானே உன்னை இந்த மெஷினையே வாங்க வெச்சா!"