பின்சீட்டில் சின்னப்பொண்ணு

கடகடவென்று கிரைண்டர் ஓடும் சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். அடுப்பில் மறந்துபோன சாம்பார் மாதிரி விட்டு விட்டுக் கொதித்தது. உற்றுக் கேட்டால் அது ஒரு புருஷன்.

"ஞாயித்துக்கெழமை மாமியார் வூட்டுக்குப் போவணுமாம். வயித்துவலின்னு படுத்துக்கறேன். இன்னா பண்ணுவா, பாக்கறேன்."

கேளம்பாக்கத்தில் கார் ஓட்டும் ராமதாஸ், கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் மனைவி சின்னப்பொண்ணுவை நேருக்கு நேர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கிரைண்டர் ஓடும்போது மட்டும் பேசுவார். மிக்சியை அவர் நம்புவதில்லை. இரண்டு நிமிஷத்தில் நின்றுவிடும், ஆத்திரம் பாதியில் தொங்கும்.

வேலையிலும் இதே பழக்கம்தான். முதலாளி ராமானுஜத்தின் பழைய டீசல் கார், சத்தத்தில் டிராக்டருக்கு அண்ணன். ராமதாஸ் பன்னிரண்டு வருஷமாகப் பின்சீட்டில் இருப்பவரை முன்சீட்டிலிருந்து வாய் நிறையத் திட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். "என்னப்பா சொன்னே?" என்று கேட்டால், "கிளட்ச் கொஞ்சம் டைட்டு சார்" என்பார்.

ஒரே ஒரு மர்மம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. வீட்டில் எந்தத் திட்டம் போட்டாலும் சின்னப்பொண்ணு ஒரு படி முன்னால் நிற்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வயிற்றைப் பிடிப்பதற்குள் ஓமத் தண்ணீர் டம்ளர் மூக்குக்கு நேராக வந்துவிட்டது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் ராமானுஜம் புதுக் கார் வாங்க முடிவு செய்தார். ஐ.டி.காரர்களுக்கு அடுக்குமாடி கட்டி விற்ற கை, சும்மா இருக்குமா? இரண்டு கார்கள் பார்வைக்கு வந்து நின்றன. கறுப்பு, பெட்ரோல். வெள்ளை, பேட்டரி. இரண்டும் கப்பலில் வந்தவை. இரண்டுக்கும் சொன்ன விலையைக் கேட்டு ராமதாஸ் ஒருமுறை கீழே உட்கார்ந்து எழுந்தார்.

வெள்ளை வண்டியைக் கொண்டுவந்த டை கட்டிய ஆள் சொன்னார்: "கியர் இல்ல, கிளட்ச் இல்ல, இன்ஜினே இல்ல. குழந்தைகூட ஓட்டலாம் சார்."

ராமதாஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். குழந்தை ஓட்டலாம் என்றால் சார் ஓட்டமாட்டாரா? சார் ஓட்டினால் டிரைவர் எதற்கு?

"ஓட்டம் எப்படின்னு நீ சொல்லு" என்றார் ராமானுஜம். "சொகுசை நீ சொல்ல முடியாது. பின்சீட்டைத் துடைச்சிருக்கே, உட்கார்ந்ததில்லையே. பெண்கள் சொன்னாத்தான் சரியா இருக்கும், எங்காத்துக்காரி அமெரிக்காவுல இருக்கா. உன் சம்சாரத்தை அழைச்சுண்டு வா."

அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பமானது.

"பெட்ரோல் வண்டியில ஏறினா, சொர்க்கம் சார்னு சொல்லு. பேட்டரி வண்டியில ஏறினா, வாந்தி வர்ற மாரி கீதுன்னு சொல்லு."

"வரலைன்னா?"

"வரவழைச்சிக்கோ."

"இன்னாத்துக்கு மாமா?"

"அந்த வெள்ளை வண்டி வந்தா என் வேலை பூடும்டீ!"

"சரி மாமா."

சின்னப்பொண்ணு இரண்டே சொல்லில் ஒப்புக்கொண்டாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை கோவளம் தாண்டி இ.சி.ஆரில் கறுப்பு வண்டி உறுமியது. மிதித்தால் அரை நொடி யோசித்துவிட்டுப் பாய்ந்தது. பின்சீட்டில் அந்த ஓரம் முதலாளி, இந்த ஓரம் சின்னப்பொண்ணு. நடுவில் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம். ராமதாஸ் வண்டியை நன்றாக உறுமவிட்டு, அதற்கு அடியில் முதலாளியின் வழுக்கையில் ஆரம்பித்துச் செருப்பு வரைக்கும் திட்டி முடித்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"சொர்க்கம் சார்."

ராமதாஸ் கண்ணாடியில் அவளைப் பெருமையாகப் பார்த்தார்.

திரும்பி வந்து வெள்ளை வண்டியில் ஏறினார்கள். பட்டனை அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை.

"ஸ்டார்ட் ஆவல சார்!" என்றார், சந்தோஷத்தை அடக்க முடியாமல்.

"ஆயிடுத்துப்பா. காலை வை."

வைத்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இந்த வண்டி யோசிக்கவே இல்லை. கோவளத்து வேகத்தடையில் தாலாட்டு மாதிரி ஏறி இறங்கியது. ஓட்டத்தில் இதுதான் மேல் என்று அவர் காலுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

மாமல்லபுரம் நெருங்கும்போது ராமானுஜம், "மெதுவாப் போப்பா" என்றார்.

பன்னிரண்டு வருஷப் பழக்கம், கேட்காமல் வாயைத் திறந்தது.

"ஆமா, பெரிய மகாராஜா. இதை வாங்கி நீயே ஓட்டு. பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாம காம்பவுண்டு கேட்டை இடிச்ச மூஞ்சிதானே! இது இன்னொண்ணு. வாந்தி வருதுன்னு சொல்லுடீன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். வாயைப் பொளந்து கடலைப் பாத்துகினு கீது."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தார். வெளியே சவுக்குத் தோப்பில் காற்று அடிப்பதுகூட உள்ளே கேட்டது.

பின்னாலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது. "யாரை வாந்தி எடுக்கச் சொன்னே, ராமதாஸ்?"

வண்டியை ஓரமாக நிறுத்தினார். காது மடல் இரண்டும் சுட்டன. கிளட்ச் டைட் என்று சொல்லலாம் என்றால் இந்த வண்டியில் அந்தப் பாழாய்ப்போன கிளட்சும் இல்லை. கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தன் இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேற டிரைவர் பார்த்துக்கறேன்" என்றார் ராமானுஜம்.

"சார்" என்றாள் சின்னப்பொண்ணு. "வேலை பூடுமோன்னு பயம் சார் அதுக்கு. வேற ஆளு வந்தா உங்களை டீக்கடையில நின்னு திட்டுவான், ஊரே கேட்கும். இது வண்டிக்குள்ளயே திட்டும். வூட்லயும் அப்படித்தான். கிரைண்டர் ஓடறப்போ திட்டும். பத்தொன்பது வருஷமா கேட்டுகினு கீறேன். மனசுல விஷம் இல்ல சார், வாயிலதான்."

ராமானுஜம் சிரித்தார். "கேட்டை இடிச்சது நிஜம்தான். என்னால ஓட்ட முடியாது. எதைம்மா வாங்கலாம்?"

"இதேதான் சார். வாந்தியே வரலை."

வெள்ளை வண்டியே வாங்கப்பட்டது. டிரைவரும் அவரே. வாயை மட்டும் மூடிக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் சின்னப்பொண்ணு முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். ராமதாஸ் தலை நிமிராமல் உருவினார். பாதியில் கை நின்றது.

"பத்தொன்பது வருஷமா எல்லாமே கேட்டுச்சா?"

"எல்லாமே."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பே மாமா. அப்பால உன் மனசுல இன்னா கீதுன்னு நான் யாராண்ட போய்க் கேட்கறது?"

ராமதாஸ் கிரைண்டரை ஒருமுறை பார்த்தார். அடுத்த கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார்.