பீரோவுக்குள் எரிந்த பல்ப்

அன்புள்ள மருமகன் டெனினுக்கு, குந்தாவிலிருந்து மாமா தனசிங் எழுதுவது. தேவ கிருபையால் நானும் உன் அத்தை தபித்தாளும் சளி, இருமல் நீங்கலாகச் சுகம். நார்வேயில் இருக்கிறவனிடம் நீலகிரிக் குளிரைப் பற்றிப் புலம்புவது மரியாதையல்ல என்பதால் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும் அழித்துவிடு. கையால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்பக் காரணம், டைப் அடிக்க இங்கே ஒரு லேப்டாப்கூட உயிரோடு இல்லை.

உன் சபையார் நம் பள்ளிக்கு அன்பளிப்பாக அனுப்பிய பத்து லேப்டாப்பும் போய்விட்டன. திருடு போகவில்லை, செத்துப்போயின. யார் வேலை என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் டீச்சர் சசிரேகா. பார்த்தால் பூச்சி போல இருப்பாள், நம்பாதே. ஜூனில் நான் நாசரேத்திலிருந்து ஹெட்மாஸ்டராக மாறி வந்த மறுவாரம், சாயங்காலம் ஆபீஸைப் பூட்டப் போனால் லேப்டாப் வைத்திருக்கும் பீரோவின் இடுக்கில் வெளிச்சம். திறந்தால் கீழ்த்தட்டில் ஒரு நாற்பது வாட் பல்ப் எரிகிறது! பீரோவுக்குள் எதற்கடா பல்ப், இருட்டில் லேப்டாப் பயந்துவிடுமா? பள்ளிக்கூடக் கரண்டில் கோழிக்குஞ்சு பொரிக்கிறாளோ என்று ஒவ்வொரு தட்டிலும் முட்டை தேடினேன். இல்லை. கூப்பிட்டுக் கேட்டால், "ஈரம் ஏறாம இருக்கறதுக்குங்க சார். மழைக்காலத்துல இங்க எல்லார் ஊட்லயும் பீரோவுல பல்ப் போடுவாங்க" என்று மடமடவென்று சொல்கிறாள். உண்மை பேசுகிறவர்கள் கொஞ்சமாவது தடுமாற மாட்டார்களா? பதிலைத் தயாராக வைத்திருந்தாள் என்று அப்போதே பிடித்துவிட்டேன். விசாரித்தால், அவள் அண்ணன்தான் நம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் மெட்ரிக் பள்ளியின் வேன் டிரைவர்! இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

உடனே பல்பைக் கழற்றினேன். லேப்டாப் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, பீரோவைப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு வைத்துச் சீல் போட்டு, சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். "சார், அப்படிக் கட்டுனா உள்ளயே வேர்த்துருமுங்க" என்று கெஞ்சினாள். நான் மசியவில்லை. மாதக் கடைசியில் திறந்தால் பத்தில் ஒன்றும் எழும்பவில்லை. சீல் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. அதில்தான் என் சந்தேகம் உறுதியாயிற்று. சீலை உடைக்காமலே உள்ளே இருப்பதைக் கெடுக்கத் தெரிந்தவள் லேசுப்பட்டவளா?

கம்ப்யூட்டர் இருப்பதால்தான் எஸ்டேட் பிள்ளைகள் பதினெட்டுப் பேராவது நம்மிடம் மிஞ்சியிருக்கிறார்கள். நேற்று அவர்களில் ஒருத்தியான கெஸியாவின் அப்பா வந்து, "கம்ப்யூட்டர் ஓடலைன்னா திங்கக்கிழமை பாப்பாவ வேன்ல ஏத்திருவேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பிள்ளை ஏறினால் மற்றதும் ஏறும், அப்புறம் பள்ளியை மூடிவிடுவார்கள். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை டெனின். ஆகவே உன் சபையார் பெயரில் எங்கள் தாளாளருக்கு, சசிரேகாவை நீக்கச் சொல்லி இங்கிலீஷில் காரமாக ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் விசாரிப்பார், நார்வே சொன்னால் கேட்பார்.

கர்த்தர் உன்னையும் உன் வேலையையும் உன் சமையலையும் ஆசீர்வதிப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் மாமா,
தனசிங்

பின்குறிப்பு: இதைப் போட்டோ பிடிக்குமுன் ஞாயிறு காலை கோயிலுக்குப் புறப்பட்டேன். வீட்டு பீரோவிலிருந்து என் கல்யாணக் கோட்டை எடுத்தால், காலரிலிருந்து கடைசிப் பொத்தான் வரை வெள்ளை வெள்ளையாகப் பூசணம். யார் செய்தது என்று கத்தினேன். ஊட்டி காந்தலில் பிறந்த உன் அத்தை, "ஏனுங்க, நான் உள்ள போட்டிருந்த பல்பயும் நீங்கதான கழட்டி வீசுனீங்க? அப்புறம் பூசணம் பூக்காம மல்லியப்பூவா பூக்கும்?" என்கிறாள். பீரோ பூட்டியிருந்தது, சாவி என்னிடம். என் கோட்டின்மேல் எந்த வேன் டிரைவருக்கும் பகை கிடையாது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேரே சசிரேகா வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கையில் கொடுத்தேன். கவர்களைப் பிரித்து, பல்பைப் போட்டுக் காயவைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஆறு எழும்பிவிட்டன. கெஸியா திங்கட்கிழமை வேன் ஏறவில்லை. தாளாளருக்கு ஒன்றும் எழுதிவிடாதே. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க சார்" என்று சிரித்தாள், அவ்வளவுதான். இத்தனை சுலபமாகவா ஒருத்தி மன்னிப்பாள்? எனக்கு என்னவோ இடிக்கிறது.