எடை பார்த்து வாங்கிய தூண்டில்

போடிநாயக்கனூர்,
ஆவணி மாதம், 1984.

தூத்துக்குடித் துறைமுக ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி ராஜாராம் மாப்பிள்ளைக்கு, உங்கள் மச்சான் மலைச்சாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், சுவர்க் கடிகாரமும், மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்டிருக்கும் பூனையும் சுகம். அங்கே தாங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் உங்கள் அக்கா சந்திரவல்லியின் காரியம் முடிந்து பஸ் ஏறிப் போன நீங்கள் ஒரு கார்டுகூடப் போடவில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஆபீசில் சோலி இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு தூண்டில் கம்பு வேண்டும். ஆற்று மீனுக்கு ஏற்றதாக, இலேசாக, தரமானதாக நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். ஆயுள் முழுக்க ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்த மச்சானுக்கு இந்த வயதில் எதற்குத் தூண்டில் என்று நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

கடை வேலையை விட்டு நான் வீட்டுக்கு வந்த கையோடு உங்கள் அக்காவும் போய்விட்டதால் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. ரேடியோ இருக்கிறது, அது நான் சொல்வதைக் காதில் வாங்காமல் பேசிக்கொண்டே போகிறது. குழம்பில் உப்புக் கூடினால் கோபித்துக்கொள்ளலாம் என்றால் சமைத்தவனும் நானாக இருக்கிறேன். வீட்டில் இருக்கப் பிடிக்காமல், காலையில் ஜீப்பேறிக் குரங்கணிக்குப் போய் ஆற்றங்கரையில் ஒரு பாறையில் உட்கார ஆரம்பித்தேன். நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் உட்கார்ந்து மீன் பிடிப்பீர்களே, அதே பாறைதான். முதல் நாளே வம்பு வந்தது. தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் டிரைவர் ஜக்கையன், வண்டியை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, இங்க என்ன சோலி?" என்றான். "சும்மாதான்" என்றேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் தண்ணீர் ஓரத்தில் ஒற்றையாக உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்லக் கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? "ஆத்தாடி, அண்ணனப் பிடிங்கடி!" என்று ஜீப்புக்குள் ஒருத்தி கத்தினாள். மாப்ளே, அந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான், உயிரை விட வேண்டுமானால் குப்புறப் படுத்துக்கொண்டு வெகுநேரம் பொறுமையாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஜீப்பில் ஏற்றி, பெண்களின் சோற்றுச் சட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து, வண்டியைத் திருப்பி போடியில் என் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். தெருவே திரண்டு வந்து துக்கம் விசாரித்தது, இரண்டாவது தடவையாக.

அதிலிருந்து அந்தப் பாதையில் போகிற ஒவ்வொரு ஜீப்பும் நின்றது. "சாப்டீகளாண்ணே?" என்று ஒருவன், "வாங்கண்ணே, மேல தோட்டம் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று ஒருவன். டீக்கடை அய்யம்மாள் கிளாஸோடு இறங்கி வந்து, நான் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காவல் நின்றாள். ஒரு மனுஷன் நிம்மதியாகத் துக்கப்படக்கூட முடியவில்லை. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிறவனைத்தான் ஊர் கேள்வி கேட்கிறது, கையில் தூண்டில் இருந்தால் அவனுக்கு வேலை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு பேசாமல் போய்விடும்.

உடனே மதுரைக்குப் போய் ஒரு கடையில் கம்பு காட்டச் சொன்னேன். கடைக்காரர் முதலில் மெல்லிசாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கினால் வாங்கின மாதிரியே இல்லை, நுனியோ மூச்சு விட்டாலே ஆடியது. நாற்பது வருஷம் காய் பார்த்த கை மாப்ளே இது. கனத்தால் முற்றின காய், கனக்காவிட்டால் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு. "இது பொக்கு, வேற எடுங்க" என்றேன். அடுத்ததையும் பொக்கென்று ஒதுக்கினேன். கடையில் இருந்த கம்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை, அசைத்தால் அசையாததை எடுத்து, காதருகே வைத்து ஆட்டியும் பார்த்துவிட்டு, இதுதான் முதல் தரம் என்று வைத்தேன். "ஐயா எந்தக் கடலுக்குப் போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் அதை உள்ளே வைக்க இடமில்லாமல் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு வந்ததில், உசிலம்பட்டி தாண்டி ஒரு வைக்கோல் வண்டியின் பாதி லோடு எங்களோடு வந்துவிட்டது. மறுநாள் பாறையில் நின்று நீங்கள் செய்வதுபோல் கையைச் சுழற்றி வீசினேன். தூண்டில் ஆற்றைத் தாண்டி, அக்கரையையும் தாண்டி, ஒருவருடைய காப்பிச் செடியில் போய் மாட்டியது. அந்த மனிதர் என்னைத் திட்டிக்கொண்டே அறுத்து எடுத்துக் கொடுத்தார். அடுத்த தடவை மெதுவாக வீசியதில் என் வேட்டியே மாட்டியது. பிறகு வீசுவதை விட்டுவிட்டுக் காலடியிலேயே இறக்கினேன். விரல் நீளக் கெண்டைகள் வந்து புழுவைத் தின்கின்றன, கண்ணால் பார்க்கிறேன், ஆனால் அந்தக் கம்பின் நுனிக்கு ஒரு சேதியும் போய்ச் சேருவதில்லை. ஆற்று மீன்களுக்குத் தினமும் விருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். தோள்பட்டைக்குத் தைலம் தேய்க்கிறேன்.

இப்போதுதான் உங்கள் கம்பு நினைவுக்கு வருகிறது. விரல் பருமன்கூட இருக்காது, நுனிக்குப் போகப்போக மெலிந்து நாணலாய் வளையும், தூண்டில் நரம்பும் தலைமுடி அளவுதான் இருக்கும். கொஞ்ச நேரம் அக்காவிடம் பிடிக்கக் கொடுப்பீர்கள். "தம்பி கம்பு, மீனு கிட்ட வந்து யோசிச்சாக்கூடக் கையில சொல்லிருதுய்யா" என்பாள். நான் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து, மீன் வருகிற நேரம் பார்த்துச் சத்தமாகப் பேசி, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அதுமாதிரி ஒரு கம்புதான் எனக்கு வேண்டும். நுனி எவ்வளவு வளைய வேண்டும், நரம்பு சுற்றுகிற ராட்டை எந்த அளவு, தக்கை எது என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்யுங்கள், என் கை எடை பார்க்க மட்டுமே பழகியது.

இதற்காக நீங்கள் நேரில் வர வேண்டியதில்லை. லாரி பார்சலில் போட்டால் போதும். அக்கா இல்லாத வீட்டுக்கு வர உங்களுக்கு மனசு வராது, எனக்கே சில நாள் வரவில்லை. மற்றபடி கனமோ இலேசோ, கையில் கம்பு வந்ததிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. ஜீப்புகள் நிற்பதில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு முத்தம். கடவுள் உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
மலைச்சாமி.

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து மூன்று நாளாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். மேலே எழுதிய கடைசி விஷயம் பொய். ஜீப்புகள் நிற்பதில்லை என்பது நிஜம், நிம்மதி என்பதுதான் பொய். முந்தாநாள் ஜக்கையன் வண்டி வேகம் குறைந்தது, நான் எழுந்தேவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு பெண், "அண்ணன் மீன் பிடிக்காரு, சத்தம் போடாம போ" என்றாள். ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டார்கள். அய்யம்மாளும் டீ கொண்டு வருவதில்லை, மீன் கலைந்துவிடுமாம். அன்றைக்கு ராத்திரி வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை மாப்ளே, பூனையிடம்கூட.

இன்றைக்குக் கம்பைக் கொல்லையில் துணி காயப்போடக் கட்டிவிட்டு, பாறையில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். முதல் ஜீப்பே நின்றது. "என்னண்ணே, இங்க என்ன சோலி?" என்றான் ஜக்கையன். "சும்மாதாம்ப்பா" என்றேன். "அடியே, தள்ளி உக்காருங்க, அண்ணன் வர்றாரு" என்று பெண்கள் இடம் விட்டார்கள்.

ஆகையால் தூண்டில் அனுப்ப வேண்டாம். நீங்கள் வாங்க. வெறுங்கையோடு வாங்க.