கீல் ஆணியும் ஏழாவது விதியும்

மனித நாகரிகம் மூன்று படிகளில் வளர்ந்தது. முதலில் நெருப்பு, பிறகு சக்கரம், அதற்குப் பிறகு எங்கள் கேள்வி-பதில் இணையதளத்தின் ஏழாவது விதி. அந்த விதியை எழுதியவன் நான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை; வரலாறு தப்பாகப் பதிவாகிவிடக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறேன்.

விதி இதுதான். கேள்வி கேட்டவருக்கே பதில் தெரிந்துவிட்டால், முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு அதைப் போட்டுவிடக் கூடாது. நாற்பத்தெட்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். அதுவரை அந்தப் பதிலைப் பயன்படுத்துவதும் கூடாது. உதவ ஓடிவருகிறவர்களின் மனம் என்ன பாடுபடும்?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு எங்கள் வீட்டுக் குளியலறையின் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உள்ளே என் மனைவி. நர்ஸ் வேலையில் பதினாறு வருடம் ஓடாய்த் தேய்ந்தவள். பத்து மணிக்கு அவளுக்குத் தலைமை நர்ஸ் பதவிக்கான நேர்காணல். நான் பதறவில்லை. கணினியைத் திறந்து, ‘குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கினால் என்ன செய்வது?’ என்று முறைப்படி பதிவுசெய்தேன்.

மறுநிமிடம் உள்ளிருந்து குரல் வந்தது.

“ஏங்க, கீல் உங்க பக்கம்தானே இருக்கு? அந்த ஆணியைத் தட்டிக் கழட்டுங்க, கதவு வந்துடும்.”

பளிச்சென்ற பதில். ஆனால் ஒரே வீட்டில் வசிப்பவர் சொல்லும் பதில் ‘சொந்தப் பதிலாகவே கருதப்படும்’. ஏழாவது விதி, துணைப்பிரிவு ஆ. கதவருகே நின்று இதை அவளுக்கு இதமாக விளக்கினேன்.

“சுத்தியல் ஃபிரிட்ஜ் மேல இருக்கு,” என்றாள்.

“நாப்பத்தெட்டு மணி நேரம்தாம்மா. சமூகம் நம்மளக் கைவிடாது.”

சமூகம் கைவிடவில்லை. ஒருவர் தாழ்ப்பாளை உள்பக்கமிருந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஒருவர், இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி என்று கண்டித்து, கார் கதவைப் பற்றிய பழைய பதிவைக் காட்டினார். இன்னொருவர் குளியலறைக்குக் கதவே எதற்கு என்று அடிமடியில் கைவைத்தார். ஒன்பதே முக்காலுக்குக் கதவைத் தட்டும் சத்தம் நின்றுபோனது. பொறுமை பழகிவிட்டாள் என்று பூரித்தேன்.

பதினொன்று பத்துக்கு ‘பூட்டு மன்னன்’ என்ற மூத்த உறுப்பினர் எழுதினார்: கீல் ஆணியைத் தட்டிக் கழற்றவும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி எழுதி, ‘சிறந்த பதில்’ என்று முத்திரை குத்திவிட்டு, ஃபிரிட்ஜ் மேலிருந்த சுத்தியலை எடுத்தேன். இரண்டே நிமிடம், கதவு கையோடு வந்துவிட்டது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தாலும் எடுக்கவில்லை.

ஆளில்லாத வீடு என்னைக் கொஞ்சம் உலுக்கத்தான் செய்தது. மாலையில் மறுபடி தளத்தில் கேட்டேன்: ‘கோபித்துக்கொண்டு போன மனைவி திரும்பி வர என்ன செய்ய வேண்டும்?’

ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது. எழுதியவர் அன்றுதான் சேர்ந்த புது உறுப்பினர். வைத்துக்கொண்ட பெயர் ‘உள்ளே இருந்தவள்’.

“பதில் இவருக்கே தெரியும்: நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும். ஆனா சொந்தப் பதிலை நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதாம். அதுக்குள்ள என் நேர்காணலை மறுபடி நடத்துவாங்களான்னு சமூகத்துக்கிட்ட கேட்டுச் சொல்லட்டும்.”