அம்மன் காலி செய்த ஆஸ்பத்திரி

கிள்ளான், 12-11-1926

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் சகல சௌபாக்கியத்தோடும் இருக்கிற மைத்துனர் தம்புசாமி அவர்களுக்கு, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் இராமலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கும் அப்படியே என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் ஒரு வேலை பாருங்கள். எங்கள் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வெள்ளம் புகுந்ததும், தோட்டத்தில் உருப்படியான கட்டடம் மாரியம்மன் கோயில்தான் என்று துரை அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு, மேட்டில் புதுக் கோயில் கட்டிக் கொடுத்தார். நாகையா பண்டாரம் அம்மனைக் கும்பத்தில் இறக்கி மேளத்தோடு கொண்டுபோனார். இனி இது வெறும் கட்டடம் என்று அவரே சத்தமாகச் சொல்ல, நான் கருவறையில் மேசையைப் போட்டேன். சனங்களுக்குத்தான் உறைக்கவில்லை. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு வருகிறவனும் கட்டடத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். கொய்னா மருந்தைக் கையேந்தி வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்கிறான். பால்மரம் வெட்டும் நல்லம்மாள் ஸ்பிரிட் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே கற்பூரம் ஏற்றினாள். அம்மன் மேட்டுக்குப் போய்விட்டாளே என்றேன்.

"போன சாமி போகட்டுங்க ஐயா. நீங்க இருக்கீங்கல்ல."

அவள் புருஷன் சின்னையாவுக்கு நாலு நாளாய் வயிறு போகவில்லை. எனிமா கொடுக்கப் படுக்கச் சொன்னால் தூணைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா இருந்த எடத்துல பின்னாடியக் காட்டச் சொல்றீங்களே, நாயமா?"

கடைசியில் கொட்டும் மழையில், வாழைமரத்தடியில், நல்லம்மாள் குடை பிடிக்க அந்தக் காரியத்தை முடித்தேன்.

மறுநாள் பண்டாரமே வந்தார். மேட்டுக் கோயிலுக்கு ஈ காக்கை வருவதில்லையாம்.

"கும்பத்துல ஏறினது வெறுந்தண்ணிதான்னு பேசிக்கிறாங்க ஐயா," என்று அழுதார். நாடி பிடித்தேன், நல்ல காய்ச்சல். மருந்தை நீட்டினால், "இருங்க, வரேன்," என்று அவரும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து குடித்தார்.

போன மழைக்காலத்தில் கொய்னாவைக் கசப்பென்று துப்பியே பதினொரு பேர் செத்தார்கள். இந்த மழையில் ஒருவரும் சாகவில்லை. அதற்காகப் படித்தவன் பூசாரியாவதா? சீக்கிரம் வேலை பாருங்கள்.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகள் நோய்நொடியின்றி வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
இராமலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது துரையின் ஆள் வந்தான். கொட்டகை காய்ந்துவிட்டதாம், நான் அங்கே திரும்ப வேண்டுமாம், இந்தக் கட்டடம் ரப்பர் ஷீட் அடுக்கும் ஸ்டோராகுமாம். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினேன். வேலை எதுவும் பார்க்க வேண்டாம். அம்மன் அந்த இடத்தை விட்டுப் போகவே இல்லை, ரப்பரை அடுக்கினால் பொறுக்க மாட்டாள் என்று துரையிடம் சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டார்.

"அம்மனேதான் துரை. நேத்து சாயங்காலம், மருந்து கலக்கும்போது."