சூரியன் அணையும் என்று எழுதியவர்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கெடா முழுவதிலும் கோபப்படத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற எல்லோருக்கும் பயம்தான் தெரியும். எங்கள் ஆகாயக் கிராணிக்கு மட்டும் காலையில் பல் தேய்க்கும்போதே கோபம் வந்துவிடும்.

சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நான் அங்கே டிரெசர். மருந்தே இல்லாத மருந்துச்சாலைக்கு நான்தான் ஏகபோக அதிபதி. அவர் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுபவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. சண்டைக்கு முன்னால் பினாங்குப் பத்திரிகை ஒன்றில் வாராவாரம் வானத்தைப் பற்றி விஞ்ஞானத் துணுக்கு எழுதிவந்தார்; ஆகாயக் கிராணி என்ற பட்டம் அப்படி வந்ததுதான். ஜப்பான்காரன் வந்ததும் அந்தப் பத்திரிகை நின்றுபோயிற்று. வெள்ளைக்கார மானேஜர் எங்களை அம்போவென்று விட்டுவிட்டு, நாயை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு ஓடியதைக்கூட அவர் மன்னித்தார். பத்திரிகை நின்றதை மன்னிக்கவில்லை.

ஆபீசில் கிடந்த பழைய அச்சுப் பாரங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, மரவள்ளிக்கிழங்கு பங்கிடும் கொட்டகைச் சுவரில் ஞாயிறுதோறும் ஒட்டத் தொடங்கினார். பசைக்கும் மரவள்ளி மாவுதான். தின்கிற பொருளைச் சுவரில் பூசுகிறாரே என்று ஜனங்கள் வயிறெரிந்தார்கள். ஆனாலும் வரிசையில் நின்றபடி படித்தார்கள்.

“சந்திரனில் காற்று இல்லை. ஆகவே அங்கே யாரும் கத்தி உத்தரவு போட முடியாது.” இது ஒரு வாரம். “சனிக்கு வளையம் உண்டு. அது உங்கள் ஜாதகத்தைப் படிப்பதற்காக அங்கே சுற்றவில்லை.” இது இன்னொரு வாரம்.

பூமியில் நூறு கட்டி எடையுள்ள ஆள் சந்திரனில் பதினாறு கட்டிதான் இருப்பான் என்று ஒருமுறை எழுதினார். பால் வெட்டும் முனியன் அதைப் படித்துவிட்டு, “ஐயா, நாங்க இங்கியே அந்த எடைக்கு வந்துட்டோம்லா” என்றான். வரிசையே சிரித்தது. கிராணிக்கு முகம் சிவந்துவிட்டது. “ஐசே, இது பகிடி இல்லை. விஞ்ஞானம்” என்று கால்மணி நேரம் அவனைத் திட்டினார். திட்டிக்கொண்டே தன் பங்குக் கிழங்கில் பாதியை அவன் கூடையில் போட்டார்.

கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆபீஸ் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார். அதன் கீழே தமிழில் ஒரு சீட்டு ஒட்டினார்: “இது பொய்.” ஜப்பானிய அதிகாரி தினமும் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. “சூரியன் நிரந்தரமானதல்ல. ஒருநாள் அணைந்துபோகும்” என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டார். ஊரெல்லாம் சூரியக்கொடி பறக்கிற காலத்தில், கொடிக்கம்பத்துக்கு எதிர்ச்சுவரில்.

யாரோ அதிகாரியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள்; மறுநாளே அவரைக் கூப்பிட்டார்கள். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்த குற்றத்துக்காக என்னையும் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க வந்தவன் தமிழன்தான். பினாங்கில் ஒரு ஜப்பானியப் போட்டோக் கடையில் வேலை பார்த்தவன். கெட்டவன் இல்லை.

சூரியன் எப்போது அணையும் என்று அதிகாரி கேட்டார்.

“பல கோடி வருஷம் செல்லும்” என்றார் கிராணி.

மொழிபெயர்ப்பாளன் நீளமாக ஏதோ சொன்னான். அதிகாரியின் முகம் மலர்ந்தது. சிகரெட் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் மூச்சு விட்டேன். கிராணி விடவில்லை.

“நான் சொன்னது நாலு சொல்லு. நீர் என்ன இவ்வளவு நேரம் கதைச்சனீர்?”

“அத்தன கோடி வருஷமும் ஜப்பான் ஆட்சி நிக்கும்னு நீங்க எழுதினதா சொன்னேன். சிகரெட்ட வாங்கிக்கிட்டுப் போங்கய்யா.”

பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தேன். அவர் சிகரெட்டை மேசைமேல் வைத்தார். அதிகாரியைப் பார்த்து, அவருக்குப் புரிகிற மலாயில், நிதானமாகச் சொன்னார்: “மத்தஹாரி மத்தி.” சூரியன் சாகும்.

கன்னத்தில் விழுந்த அறையில் அவருடைய மூக்குக்கண்ணாடி சுவரில் மோதி உடைந்தது. இரண்டு வாரத்தில் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போகும் ஆட்களின் பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் முதலில் இருந்தது.

அடித்தவன்மேல் எனக்கு வந்த கோபத்தைவிட அவர்மேல் வந்த கோபம் பெரிது. அவர் அறைக்கே போய்ச் சத்தம் போட்டேன். “வாயத் தொறக்காம இருந்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும் உங்களுக்கு?”

“ஐசே, அவங்கள் எவ்வளவு பொய்யும் சொல்லட்டும். நான் எழுதினதைப் பற்றி என்னை முன்னால நிப்பாட்டி வைச்சுப் பொய் சொல்லேலுமோ?” என்று பதிலுக்கு என்மேல் பாய்ந்தார்.

சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்குப் போகும் லாரியில் முனியனும் அவர் பக்கத்தில் நின்றான். ஒளித்துவைத்திருந்த, மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்து கிராணியிடம் கொடுத்தேன். “இது உங்களுக்கு மட்டும். யாருக்கும் குடுக்கக் கூடாது” என்றேன். “எனக்குப் புத்தி சொல்ல வெளிக்கிட்டீரோ” என்று உறுமினார். லாரி புறப்பட்டுவிட்டது.

சண்டை முடிந்து முனியன் திரும்பிவந்தான். ஆள் எலும்பும் தோலுமாக இருந்தான். கிராணி வரவில்லை.

“மாத்திரையெல்லாம் காச்ச வந்தவங்களுக்குக் குடுத்துட்டாரு, டிரெசரையா. அவருக்குக் காச்ச வந்தப்ப ஒண்ணும் மிச்சமில்ல. அப்பவும் படுத்துக்கிட்டே திட்டிக்கிட்டுதான் இருந்தாரு.”

“யாரை?”

முனியன் தரையைப் பார்த்தான். “உங்களத்தான். திரும்பிப் போனதும், ஏன் இவ்வளவு கொஞ்சமா குடுத்தீருன்னு அந்த டிரெசரக் கேக்காம விடமாட்டேன்னாரு.”

வந்து கேட்டிருக்கலாம். எவ்வளவு நேரம் திட்டியிருந்தாலும் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கமாட்டேன்.